கர்ச்சீப்பு செட்டு

இலுப்பைவிடுதி மூக்காயி கும்பிடாத தெய்வம் இல்லை என்று ஊரில் சொல்வார்கள். கும்பிட்டு என்ன கேட்டாள் என்பது மட்டும் ஒருவருக்கும் தெரியாது. தெரிந்திருந்தால் காறித் துப்பியிருப்பார்கள். வருஷா வருஷம் கருப்பர் கோயிலில் ஒரு சேவலை அறுத்துவிட்டு, "சாமி, நீ நியாயம் மட்டும் பண்ணிடாத" என்று வேண்டிக்கொண்டு வந்தவள் அவள். நியாயம் கேட்டு சாமியிடம் அழுதவர்கள் எத்தனையோ பேர். நியாயம் வேண்டாம் என்று சேவல் அறுத்த பெண்பிள்ளை அவள் ஒருத்தியாகத்தான் இருப்பாள். அவளை அந்த நிலைமைக்குக் கொண்டுவந்து விட்டது ஒரு கைக்குட்டை.

அவளுடைய புருஷன் பிச்சை, பிள்ளைகள் இரண்டும் விவரம் தெரியாத வயதில் இருக்கும்போதே காய்ச்சலில் போய்விட்டான். மகன் சோலையப்பன், மகள் செவந்தி. கடலைக் கொல்லைகளில் களை வெட்டியும், அண்ணன் நல்லதம்பி வீட்டில் மாடாக உழைத்தும் இரண்டு பேரையும் ஆளாக்கினாள். நல்லதம்பி வசதியானவர். தங்கச்சிக்குப் பழைய சேலையும் புதிய புத்திமதியும் குறைவில்லாமல் கொடுப்பார். அவருடைய ஒரே மகன் ரெங்கசாமிக்குச் செவந்தியைத்தான் கட்டுவது என்று பேசி வைத்திருந்தார்கள். முறைப்பெண், அதனால் நகை நட்டு என்று எதுவும் கேட்கவில்லை. அந்த ஒரு சம்மதத்தைப் பிடித்துக்கொண்டுதான் மூக்காயி மூச்சு விட்டுக்கொண்டிருந்தாள் என்று சொல்ல வேண்டும்.

ஐம்பத்தொன்பது, அறுபது வாக்கில் ஊருக்குள் ஒரு புது நோய் வந்துவிட்டதாகப் பெரியவர்கள் பேசிக்கொண்டார்கள். ஆலங்குடியில் டூரிங் டாக்கீஸ் வந்ததிலிருந்து பிடித்த நோய். நாலு பையன்கள் நெற்றியில் முடியைச் சுருட்டி விட்டுக்கொண்டு, கோடு போட்டதுபோல் மீசை ஒதுக்கிக்கொண்டு, சட்டைக் காலருக்குள் கைக்குட்டையை மடித்துச் சொருகிக்கொண்டு பஸ் நிற்கிற இடத்தில் வந்து நிற்பார்கள். சோலையப்பன் ஒருவன். ரெங்கசாமி ஒருவன். மற்ற இரண்டு பேரில் ஒருவன் டெய்லர் கடையில் காஜா எடுத்தான், இன்னொருவன் சைக்கிள் கடையில் பஞ்சர் ஒட்டினான். "கர்ச்சீப்பு செட்டு" என்று டீக்கடைக்காரர் வெள்ளைச்சாமி வைத்த பேர் ஊர் முழுக்க ஒட்டிக்கொண்டது.

அந்தக் கைக்குட்டை திமிருக்கு என்று ஊர் நினைத்தது. ரெங்கசாமியைத் தவிர மற்ற மூன்று பேரிடமும் இருந்தது ஆளுக்கு ஒரே ஒரு சட்டை. காலரில் வேர்வை ஏறி அழுக்கானால் மறுநாள் போட வேறு கிடையாது. அதற்காகச் சொருகிய துணி அது. இதை எவன் கேட்டான்? பெரிய மனுஷர்கள் கொல்லைக்குள் ஒளிந்து சாராயம் குடித்தால் அது உடம்பு வலிக்கு மருந்து. பையன்கள் ரோட்டில் நின்று டீ குடித்தால் ஊர் கெட்டுப்போயிற்று. பெண்களைப் பார்த்து விசில் அடிக்கிறான்கள் என்றார்கள். சோலையப்பன் விசில் அடித்தது உண்மை. அடித்தது பஸ்ஸைப் பார்த்து. எந்த இடத்தில் ஒரு விசில், எந்த இடத்தில் இரண்டு விசில் என்று கண்டக்டரைப் பார்த்துப் பார்த்துப் படித்திருந்தான். புதுக்கோட்டையில் ஒரு பஸ் கம்பெனி மேனேஜர், லைசென்ஸ் வாங்கிக்கொண்டு வா, வேலை தருகிறேன் என்று வாக்குக் கொடுத்திருந்தார். லைசென்ஸுக்கு எழுதிப் போட்டும் ஆயிற்று. போலீஸ் வந்து ஊரில் விசாரித்துவிட்டுப் போக வேண்டியதுதான் பாக்கி.

அந்தச் சித்திரையில்தான் தங்கமுத்து அம்பலத்தின் புட்வால்வு காணாமல் போயிற்று.

தங்கமுத்து அம்பலம்தான் ஊருக்குத் தலைவர். ஊரிலேயே முதல் ஆயில் இஞ்சின் அவர் கிணற்றில்தான் வந்தது. இஞ்சினிலிருந்து கிணற்றுக்குள் இறங்கும் குழாயின் அடிவாயில் மாட்டியிருக்கும் பித்தளைச் சாமான்தான் புட்வால்வு. அது இல்லையென்றால் இஞ்சின் தொண்டை கிழியக் கத்தும், ஒரு சொட்டுத் தண்ணீர் ஏறாது. அம்பலத்தின் வாழை அந்த வெயிலில் அப்படியே துவண்டு தொங்கியது. அவர் போலீசுக்குப் போகவில்லை. ஊருக்குள் நடந்ததை ஊருக்குள்தான் தீர்க்க வேண்டும் என்பது அவருடைய கொள்கை. வெள்ளிக்கிழமை கருப்பர் கோயிலில் சூடம் அடித்து, அதாவது எரிகிற சூடத்தைக் கையால் அடித்து அணைத்து, சத்தியம் செய்ய வேண்டும் என்று தமுக்கு அடிக்கச் சொன்னார். ஊரில் கிணற்றில் இறங்கக்கூடிய வயசுப்பையன்கள் நாற்பது பேராவது இருப்பார்கள். சத்தியத்துக்குக் கூப்பிட்டது நாலே பேரை. யார் என்று சொல்ல வேண்டுமா?

வியாழக்கிழமை பொழுது சாயும் நேரத்தில் சோலையப்பன் அடுப்படிக்கு வந்து ஆத்தாளுக்கு எதிரே குந்தினான்.

"ஆத்தா, நாளைக்கு நான் சூடம் அடிக்க முடியாது."

"ஏண்டா? நீயா எடுத்த?"

"நான் எடுக்கல. எடுத்தவன் யாருன்னு தெரியும். எடுத்தவனையும் தெரியாதுன்னு சொல்லித்தான அடிக்கச் சொல்றாக? அத எப்படிச் சொல்றது?"

"யாரு?"

"ரெங்கசாமி."

அவள் கையிலிருந்த அகப்பை அப்படியே நின்றது. அவன் மெதுவாகச் சொன்னான். புதுக்கோட்டை பழைய பித்தளைக் கடையில் போட்டுவிட்டு ரெங்கசாமி ஒரு கூலிங்கிளாஸ் வாங்கியிருக்கிறான். அப்பன் வாங்கித் தரமாட்டேன் என்று சொன்ன கூலிங்கிளாஸ். வாங்கிய விதம் தெரியாமல் செட்டில் மற்ற மூன்று பேரும் அதை மாற்றி மாற்றிப் போட்டுக்கொண்டு திரிந்திருக்கிறார்கள். தமுக்குச் சத்தம் கேட்ட பிறகுதான் ரெங்கசாமி இவனிடம் மட்டும் உண்மையைச் சொன்னானாம்.

"நீயே அம்பலத்துகிட்டப் போயி சொல்லிருடான்னு சொன்னேன். சிரிக்கிறான் ஆத்தா. கருப்பரு என்ன சி.ஐ.டி.யா, சூடத்த அடிச்சா தெரிஞ்சு போறதுக்குங்கறான்."

மூக்காயிக்கு இந்தப் பேச்சைக் கேட்கவே காது கூசியது. கருப்பர் விஷயத்தில் அவளுக்கு விளையாட்டுக் கிடையாது. அவள் புருஷன் பிச்சை ஒரு வரப்புத் தகராறில் அதே சந்நிதியில் பொய்ச் சத்தியம் பண்ணினவன். அடுத்த அறுவடையை அவன் பார்க்கவில்லை. டாக்டர் காய்ச்சல் என்றார். டாக்டருக்கு என்ன தெரியும் என்பது மூக்காயியின் கட்சி.

மகனைப் பொய்ச் சத்தியம் பண்ணச் சொல்ல அவளால் முடியாது. உண்மையைச் சொல்லச் சொன்னால் ஆவணியில் நடக்க வேண்டிய கல்யாணம் நின்றது நின்றதுதான். அண்ணன் வீட்டு வாசலும் அடைபடும். செவந்திக்கு வேறு எந்த மகராசன் வெறுங்கழுத்தில் தாலி கட்டுவான்? சோறு பொங்கி வந்தது. கஞ்சியை இறுத்து வைத்துவிட்டு, ஒரு வழி கண்டுபிடித்தவளைப்போல் சொன்னாள்.

"எடுக்கலைன்னு வாயால சொல்லு. அது நெசந்தான? சூடத்துல மட்டும் கைய வைக்காத. ரெங்கசாமி பேரையும் எடுக்காத."

"சூடம் அடிக்காம வந்தா நாந்தான் திருடன்னு ஆயிரும் ஆத்தா."

"ஆனா ஆயிட்டுப் போகுது. ஆம்பளப் புள்ளைக்குக் கெட்ட பேரு நாலு நாளைக்குடா. அப்புறம் அவனவன் சோலியப் பாக்கப் போயிருவான். பொம்பளப் புள்ள வாழ்க்க அப்படியா? ஒன் தங்கச்சிய நெனச்சுப் பாரு."

அவன் அடுப்பில் சரிந்த விறகை உள்ளே தள்ளினான். பிறகு "சரி ஆத்தா" என்றான். முகத்தில் கோபம் இல்லை, வருத்தம்கூட இல்லை. சாப்பாடு போடு என்று தட்டை எடுத்து வைத்தான். அவன் அன்றைக்குக் கத்தி அழுது சண்டை போட்டிருந்தால் மூக்காயி பிற்காலத்தில் கொஞ்சமாவது தூங்கியிருப்பாள்.

வெள்ளிக்கிழமை கோயிலில் ஊரே கூடிவிட்டது. கருப்பருக்குக் கும்பிடு போட வராதவர்களெல்லாம் திருடனைப் பார்க்க வந்தார்கள். நல்லதம்பி விவரமான மனுஷர். மகனுக்குக் காலையிலேயே தலைமுடியை ஒட்ட வெட்டி, மீசையை மழித்து, வெள்ளை வேட்டி கட்டி, நெற்றி நிறைய விபூதி பூசிக் கூட்டிக்கொண்டு வந்தார். நேற்றுவரை செட்டில் நின்றவனா இவன் என்று ஆச்சரியமாக இருந்தது. அவன்தான் முதலில் போனான். "நான் எடுக்கல, எடுத்தவனையும் தெரியாது" என்று கணீரென்று சொல்லிச் சூடத்தின் மேல் அடித்து அணைத்தான். மற்ற இரண்டு பேரும் பின்னாலேயே அடித்தார்கள். அவர்களுக்கு நிஜமாகவே எதுவும் தெரியாது.

சோலையப்பன் தன்னுடைய ஒரே சட்டையில், காலரில் கைக்குட்டையோடு, நெற்றிச் சுருளோடு அப்படியே வந்து நின்றான். அதையாவது எடுத்து வைத்துவிட்டுப் போடா என்று சொல்ல மூக்காயிக்குத் தோன்றவில்லை.

"நான் எடுக்கல" என்றான்.

"எடுக்கலைல்ல, அப்ப அடிறா" என்றார் அம்பலம்.

"அடிக்க மாட்டேங்க."

கூட்டத்தில் சலசலப்பு கிளம்பியது. அம்பலம் இன்னொரு சூடத்தை ஏற்றச் சொன்னார். அது எரிந்து கரைந்தது. மூன்றாவதையும் ஏற்றினார்கள். சோலையப்பன் கையைப் பின்னால் கட்டிக்கொண்டு நின்றான். அப்போது கூட்டத்துக்குள்ளிருந்து ரெங்கசாமி, அத்தனை பேருக்கும் கேட்கும்படி, பாசம் ஒழுக ஒரு வார்த்தை சொன்னான்.

"அடிச்சுரு மாப்ளே. பயப்படாத, சும்மா அடி."

அவ்வளவுதான். ஊர் தீர்ப்புச் சொல்லிவிட்டது. சாமிக்குப் பயந்தவன் திருடனாகவும், பயப்படாதவன் யோக்கியனாகவும் அன்று சந்நிதியில் வைத்து முடிவாயிற்று. கருப்பர் அதையெல்லாம் அரிவாளும் கையுமாகப் பார்த்துக்கொண்டுதான் இருந்தார். மூக்காயி தன் இரண்டு ஆட்டையும் விற்று அம்பலத்துக்குப் புது வால்வு வாங்கிக் கொடுத்தாள்.

நாலு நாள் என்று அவள் சொன்ன கணக்கு என்ன ஆயிற்று என்று கேட்டால், வயிற்றெரிச்சலைத்தான் கொட்ட வேண்டும். விசாரிக்க வந்த போலீஸ்காரர் டீக்கடை பெஞ்சியில் உட்கார்ந்து ஒரு டீ குடித்து முடிப்பதற்குள் எல்லாம் தெரிந்துகொண்டு போனார். கண்டக்டர் லைசென்ஸ் வரவில்லை. அதற்குப் பிறகு சுற்றுவட்டாரத்தில் எவன் வீட்டுக் கோழி காணாமல் போனாலும், எவன் சைக்கிள் காற்றில் சாய்ந்து வாய்க்காலில் விழுந்தாலும், ஆள் நேராக மூக்காயி வீட்டு வாசலுக்குத்தான் வந்தது. ஒரு தடவை யாருடைய சைக்கிளையோ தேடி வந்த இன்ஸ்பெக்டர், பஸ் நிற்கிற இடத்தில் எல்லோரும் பார்க்க நாவிதரைக் கூப்பிட்டுச் சோலையப்பனின் நெற்றிச் சுருளை மட்டும் வெட்டச் சொன்னார். ஜனங்கள் சிரித்தார்கள். சைக்கிள் மறுநாள் கிடைத்துவிட்டது. வெட்டின முடிக்கு யாரும் வருத்தம் தெரிவிக்கவில்லை.

செவந்தி கல்யாணத்துக்கு முந்தின வாரம் நல்லதம்பி வந்தார்.

"தங்கச்சி, நான் ஒண்ணும் நெனைக்கல. ஊருன்னு ஒண்ணு இருக்குல்ல? அன்னைக்கு ஒரு பொழுது அவன் பந்தல்ல நிக்க வேணாம்."

மூக்காயி தலையை ஆட்டினாள். திருடனின் அப்பன், திருடனுக்காகப் பழி சுமந்தவனைப் பந்தலை விட்டு ஒதுக்கி வைக்கிறார். அதற்கும் தலையாட்டின தன்னை என்ன செய்தால் தகும் என்று அவளுக்கே தெரியவில்லை. சோலையப்பன் கல்யாணத்தன்று காலையிலேயே புதுக்கோட்டைக்கு பஸ் ஏறிப் போய்விட்டான். போனவன் அங்கேயே தங்கிவிட்டான்.

கொஞ்ச நாளில் அவனை ஜெயிலில் போட்டதாகச் செய்தி வந்தது. எதையும் எடுத்ததற்காக இல்லை. சந்தைப்பேட்டைப் பக்கம் சந்தேகப்படும்படி நின்றானாம். நூற்றொன்பது கேஸ் என்று அதற்குப் பேர். ஒருவனை நிற்பதற்காக உள்ளே போடலாம் என்பது மூக்காயிக்கு அன்றுதான் தெரிந்தது.

ஜெயிலிலிருந்து வந்து ஒரு தடவை வீட்டுக்கு வந்தான். கறுத்து, கன்னம் ஒட்டி, பேச்சே மாறியிருந்தது. அவள் டிரங்குப் பெட்டிச் சாவியைத் தொலைத்துவிட்டுத் தவித்துக்கொண்டிருந்தாள். "இங்கிட்டுத் தள்ளு ஆத்தா" என்று சொல்லி ஒரு சைக்கிள் கம்பியை விட்டு நெம்பினான். கண் மூடித் திறப்பதற்குள் பூட்டு வாயைப் பிளந்தது. அவளை நிமிர்ந்து பார்த்து ஒரு சிரிப்புச் சிரித்தான். கைத்தொழில் படித்த பிள்ளை ஆத்தாளிடம் காட்டும் பெருமைச் சிரிப்பு அது.

"எங்கடா படிச்ச இத?"

"உள்ளதான். வேற எங்க? அங்க மொதக் கேள்வியே நீ என்னத்த எடுத்தங்கறதுதான். எடுக்கலைன்னா சிரிக்கிறான். அடிக்கவும் செய்றான். அம்பலம் வீட்டு புட்வால்வ எடுத்தேன், சூடம் அடிக்கச் சொன்னாங்க, முடியாது போங்கடான்னு நின்னேன்னு சொன்னேன். அன்னைலேருந்து மரியாதைதான். புதுக்கோட்டைல எனக்குப் பேரே புட்வால்வு சோலை."

அதைச் சொல்லும்போது அவன் குரலில் சங்கடமே இல்லை. ஊர் கொடுத்த பேரைத்தான் அவன் தேய்த்து மினுக்கி வைத்துக்கொண்டான், வேறு எதைத்தான் அவனுக்குக் கொடுத்தார்கள்? அந்தத் தடவை போன பிறகு அவன் நிஜமாகவே திருடினான், பிடிபட்டான், திரும்பவும் உள்ளே போனான். ஊருக்கு அதில் பெரிய திருப்தி. அன்றைக்கே சொன்னோமே என்று ஒருவருக்கொருவர் சொல்லிக்கொண்டார்கள்.

இந்தப் பக்கம் ரெங்கசாமி நாளுக்கு நாள் செழித்தான். அப்பனுக்குப் பிறகு நிலமெல்லாம் கைக்கு வந்தது. பஞ்சாயத்து மெம்பர் ஆனான். பொய்ச் சத்தியம் பண்ணின கை அழுகும், நாக்கு இழுக்கும் என்று மூக்காயி முதலில் காத்திருந்தாள். ஒரு நாள் திடீரென்று உறைத்தது: அவன் கை அழுகினால் அறுவது யார் தாலி? அன்றைக்கு ஆரம்பித்ததுதான் அந்தச் சேவல் நேர்த்திக்கடன். மகனுக்கு நடந்த அநியாயத்தை நினைத்துப் பகலெல்லாம் குமுறுவாள். கோயில் வாசலில் போய் நின்றதும், மருமகனை ஒன்றும் செய்துவிடாதே என்று கெஞ்சுவாள். கருப்பர் அவள் கேட்டதைத் தட்டாமல் கொடுத்தார்.

அறுபத்தாறில் டைட்டுப் பேண்ட் போட்டுக்கொண்டு அடுத்த செட்டுப் பையன்கள் கிளம்பினார்கள். மெம்பர் ரெங்கசாமி டீக்கடை முன்னால் அவர்களை நிறுத்தி, "இப்ப பேண்ட்ட இறுக்குவீக, நாளைக்கு எவன் இஞ்சினையாச்சும் கழட்டுவீக" என்று சத்தம் போட்டதை மூக்காயி தன் காதால் கேட்டாள். கூட்டம் அவனுக்குத் தலையாட்டியது. அவளுக்கு அந்த இடத்திலேயே அவன் மூஞ்சியில் மண்ணை வாரி எறிய வேண்டும்போல் இருந்தது.

அந்த வருஷம்தான் செவந்தியின் மூத்த மகனுக்குக் காதுகுத்து வைத்தார்கள். காதுகுத்து என்றால் பிள்ளையைத் தாய்மாமன் மடியில் உட்கார வைக்க வேண்டும். அந்த ஒரு இடத்தில் எந்தக் கொம்பனாலும் தாய்மாமனை ஒதுக்க முடியாது. "எங்கண்ணன் மடி இல்லாம எம்புள்ள காதுல ஊசி படாது" என்று செவந்தி ஒரே பிடியாக நின்றாள். ரெங்கசாமி முகத்தைச் சுளித்துக்கொண்டு சரி என்றான்.

சோலையப்பன் வந்தான். வெள்ளைச் சட்டை, படிய வாரின தலை. தாம்பாளத்தில் வேட்டி, சேலை, பழம், தேங்காய், நடுவில் ஒரு ஜோடி தங்கக் கடுக்கன். முதலில் ஆத்தா வீட்டுக்குத்தான் வந்தான். கடுக்கனை எடுத்து அவள் உள்ளங்கையில் வைத்தான். மூக்காயி அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். மெல்லத் தாம்பாளத்தில் வைத்து, மேலே ஒரு வெற்றிலையை இழுத்து மூடினாள்.

பந்தலில் ஜமுக்காளம் விரித்து, கிழக்கே பார்த்துச் சோலையப்பன் உட்கார்ந்தான். செவந்தி பிள்ளையைக் கொண்டுவந்து அவன் மடியில் வைத்தாள். பையன் மாமன் சட்டைப் பொத்தானைப் பிடித்து இழுத்தான். சோலையப்பன் சிரித்தான். அவன் அப்படிச் சிரித்து மூக்காயி பார்த்து வெகு காலம் ஆகியிருந்தது. ஆசாரி ஊசியை எடுத்தார். அந்த நேரம் பார்த்து உள்ளே நுழைந்தார் தங்கமுத்து அம்பலம்.

வந்தவர் உட்காரவில்லை. பந்தலையும் மடியையும் ஒரு பார்வை பார்த்தார்.

"என்னப்பா மெம்பர், யாரு மடியில வச்சுப்புட்டு எங்களையெல்லாம் கூப்புட்டு வச்சிருக்க?"

அடுத்த தேர்தலில் பிரசிடெண்டுக்கு நிற்க ரெங்கசாமிக்கு ஆசை. அம்பலம் கை காட்டாமல் அது நடக்காது. அவன் ஒரு நிமிஷம்கூட யோசிக்கவில்லை. குனிந்து பிள்ளையை மடியிலிருந்து தூக்கினான்.

"வேணாம். எம்மகன் இவன் மடியில ஒக்கார வேணாம். அந்தக் கடுக்கனும் வேணாம். எவன் வீட்டுலேருந்து வந்துச்சோ, யாரு கண்டா?"

சோலையப்பன் மடி காலியாகக் கிடந்தது. கைகளை எங்கே வைப்பது என்று தெரியாமல் அப்படியே வைத்திருந்தான். அதைப் பார்த்ததும் மூக்காயிக்கு உள்ளே ஏதோ அறுந்துவிட்டது. அத்தனை வருஷம் கருப்பரிடம் கெஞ்சினதெல்லாம் மறந்துபோயிற்று.

"அம்பலம்! ஒங்க புட்வால்வ எடுத்தது எம்மகன் இல்ல. இந்தா நிக்கிறாரே எம்மருமகன், இவருதான் எடுத்தாரு. பொய்ச் சூடம் அடிச்சாரு. எம்மக கல்யாணம் நிக்கக் கூடாதுன்னு நாந்தான் எம்புள்ள வாயக் கட்டிப் போட்டேன். இந்தப் பாவிதான் கட்டிப் போட்டேன்!"

ரெங்கசாமியின் முகத்தில் ரத்தமே இல்லை. அம்பலம் கண்ணை இடுக்கிக்கொண்டு அவனையே பார்த்தார். இத்தனை வருஷத்தில் முதல்முறையாக ஊர் வேறு பக்கம் திரும்பிப் பார்த்தது. பார்க்கட்டும், நன்றாகப் பார்க்கட்டும் என்று மூக்காயி நின்றாள்.

சோலையப்பன் எழுந்தான். வேட்டியை உதறிக் கட்டினான்.

"ஆத்தாளுக்குப் புத்தி தடுமாறிப் போச்சு. அதுக்குப் பெத்த பாசம், என்னத்தையாச்சும் சொல்லும். வால்வ எடுத்தது நாந்தான். எடுக்காதவன் சூடம் அடிக்கப் பயப்படுவானா?"

"கேட்டுக்கிட்டீகளாப்பா?" என்றார் அம்பலம். பந்தல் முழுக்க மூச்சு வந்தது. யாரோ சிரித்தார்கள். ரெங்கசாமி மேல்துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டான். ஒன்றுவிட்ட பங்காளி முறையில் செவந்திக்கு அண்ணனாக வேண்டிய ஒருவனைத் தேடிப் பிடித்து ஜமுக்காளத்தில் உட்கார வைத்தார்கள். சோலையப்பன் தாம்பாளத்தைத் திரும்பிப் பார்க்காமல் வெளியே நடந்தான்.

மூக்காயி மூச்சிரைக்க ஓடி, ரோட்டோரத்தில் அவனைப் பிடித்தாள்.

"ஏண்டா? ஏண்டா அப்படிச் சொன்ன? எல்லாரும் நம்புனாகளேடா! அம்பலமே நம்புனாரேடா!"

"செவந்தி மூஞ்சியப் பாத்தியா?"

அவள் பார்க்கவில்லை. அந்த நேரத்தில் மகள் என்று ஒருத்தி இருப்பதே அவளுக்கு ஞாபகம் இல்லை.

"நான் பாத்தேன். அவளுக்கு எல்லாந் தெரியும் ஆத்தா. தெரிஞ்சுதான் குடும்பம் நடத்திக்கிட்டிருக்கா. அங்க நின்னுக்கிட்டு என்னையக் கண்ணால கும்பிடுறா. அவ புருசன் திருடன்னா அவ அந்தப் புள்ளையத் தூக்கிக்கிட்டு எங்கிட்டுப் போவா? எனக்கு இந்தப் பேரு பழகிப்போச்சு."

"நீ எடுக்கலைன்னு எனக்குத் தெரியும்டா. எனக்கு மட்டுமாச்சும் தெரியும்."

அவன் அவளை ஒரு மாதிரி பார்த்தான்.

"அந்தக் கடுக்கன் மார்க்கெட்டுல மூட்டை தூக்கி வாங்குனது. ரெண்டு வருசமா நான் எதையும் தொடல. காலைல ஒங் கையில குடுத்தனே, ஏதுடான்னு ஒரு வார்த்தை கேப்பேன்னு நின்னேன். கேட்டிருந்தா சொல்லிருப்பேன். நீ கேக்கல. வெத்தலைய வச்சு மூடுன."

இல்லடா என்று மூக்காயி சொல்ல வேண்டும். சொன்னால் அது பொய்.

"ரெங்கசாமி பந்தல்ல சொன்னது எனக்கு ஒண்ணுமில்ல ஆத்தா. அவன் வாயால சொன்னான். அவ்வளவுதான்."

ஆலங்குடிப் பக்கமிருந்து பஸ் வந்தது. கையைக் காட்டி நிறுத்தி ஏறிக்கொண்டான். கண்டக்டர் இரண்டு விசில் கொடுத்தார். புழுதி அடங்கும்வரை அவள் அங்கேயே நின்றாள்.

பந்தலில் பிள்ளை வீரிட்டு அழும் சத்தம் கேட்டது. ஊசி இறங்கிவிட்டது. கொஞ்ச நேரத்தில் செவந்தி வெளியே வந்தாள். அழுத கண்ணைத் துடைத்துவிட்டு வந்திருந்தாள். ஆத்தாளின் முகத்தைப் பார்க்காமல், "வா ஆத்தா, மொதப் பந்தில ஒக்காரு. நீ சாப்புடாமப் போனா அவரு கோவிச்சுக்குவாரு" என்றாள்.

மூக்காயி போய் உட்கார்ந்தாள். மருமகனே வந்து இலை போட்டு, "நல்லாச் சாப்புடுங்க அயித்த" என்று தன் கையால் சோறு வைத்தான். ஊர் பார்த்துக்கொண்டிருந்தது. அவள் சாப்பிட்டாள்.